அந்த டேப்லெட்டை வாங்கச் சொன்னது நான்தான்

போன மாதம் ஒரு காலையில் ஆறுமுகம் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார்.

பாளையங்கோட்டைக்காரர். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பத்தியை வாராவாரம் படித்துவிட்டு, மார்க்கெட்டில் என்னைக் கண்டால் நிறுத்திப் பேசுவார். ஆனால் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு கேட்டார்.

“தம்பி, நீங்க எழுதுத டேப்லெட் என்ன மாடல்? நான் வாங்குனது சரியில்ல போல. உங்களுது மாதிரியே ஒண்ணு வாங்கிரலாம்னு பார்க்கேன்.”

எனக்குப் பகீரென்றது.

உங்களுக்கு நினைவிருக்கும். கொஞ்ச நாளைக்கு முன் இதே இடத்தில்தான் எழுதினேன் — இனி எதற்குக் கம்ப்யூட்டர், மேஜையைக் காலி செய்யுங்கள், ஒரு டேப்லெட் போதும் என்று. டேப்லெட் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை அப்போது. புதுச் செருப்பு போட்ட பிள்ளை மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் நடந்த நேரம்.

சரி, அந்தக் கட்டுரையை நான் எதில் டைப் செய்தேன்?

அறையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில்தான்!

“என்ன ஆச்சு அண்ணாச்சி?”

பையச் சொன்னார். அவர் மகள் மகா, கல்யாணத்துக்கு முன் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்த்தவள். குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டாள். இப்போது அப்பா வீட்டில் இருந்தபடியே மறுபடி வேலை தேடியிருக்கிறாள். ஒரு கம்பெனி ஆன்லைன் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறது. அதற்குள் அண்ணாச்சி என் பத்தியைப் படித்துவிட்டு, வீட்டிலிருந்த அவளுடைய பழைய கம்ப்யூட்டரைக் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குப் போட்டு, புது டேப்லெட்டோடு வந்துவிட்டார்.

“அவ வேண்டாம்னுதான் சொன்னா, தம்பி. எனக்குக் கம்ப்யூட்டர்தான் தோதுன்னா. நான்தான், ‘ஏட்டி, பேப்பர்லயே போட்டுருக்கு, உனக்கு என்ன தெரியும்’னு சத்தம் போட்டேன்.”

தேர்வன்று டேப்லெட்டைத் திறந்தால் ஒரே ஒரு வரி — இதைக் கம்ப்யூட்டரில் மட்டுமே எழுத முடியும். அண்ணாச்சி மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பிரவுசிங் சென்டர் தேடி அலைந்திருக்கிறார். ஒன்றை மூடிவிட்டார்கள். இன்னொன்றில் இப்போது ஜெராக்ஸ் மட்டும்தான். தேர்வு நேரம் முடிந்துவிட்டது.

“அன்னையிலேருந்து எங்கிட்ட முகங்கொடுத்துப் பேச மாட்டேங்கா” என்றார்.

அப்போதும் என் மேல் ஒரு குறை சொல்லவில்லை. தான் தப்பான மாடல் வாங்கிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்...

அறைக்குள் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டரைக் காட்டினேன். “இதுலதான் அண்ணாச்சி எழுதுதேன்.”

அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அப்ப டேப்லெட்டு?”

“அது... படம் பாக்கதுக்கு.”

“சரி தம்பி” என்றார். கிளம்பிவிட்டார். அந்த ‘சரி தம்பி’ நாள் முழுக்கக் காதுக்குள் கிடந்தது.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். மகாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“நீங்க என்ன செய்வீய சார்? நான் அத்தன தடவ சொன்னேன். எங்கப்பா என்னய நம்பல, உங்கள நம்புனாவ. எனக்கு அதான் சங்கடம்.”

தலையைக் குனிந்துகொண்டேன்.

அவளே கம்பெனிக்கு மெயில் போட்டு, இன்னொரு வாய்ப்பு வாங்கி வைத்திருந்தாள். கம்ப்யூட்டர்தான் இல்லை. “எங்க வீட்டுல வந்து எழுதும்மா” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

தேர்வன்று அவள் என் அறைக்குள். கதவு சாத்தியிருந்தது. வெளியே நானும் அண்ணாச்சியும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். நடுவில் குழந்தை, டேப்லெட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டு. அந்த வேலையை டேப்லெட் அருமையாகச் செய்தது!

டேப்லெட் கம்ப்யூட்டருக்கு மாற்றாகுமா? பார்க்க, படிக்க, பிள்ளையைச் சமாளிக்க — தாராளமாக. சிலருக்கு அதுவே போதும்தான். ஆனால் யாருக்கு எது போதும் என்று யார் சொல்வது? அதில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்தானே? நானோ என் ஒரு வாரத்து மோகத்தை ஊருக்கே உபதேசம் ஆக்கிவிட்டேன்.

மகா வெளியே வந்தாள். “எப்படிம்மா எழுதுன?” என்றேன்.

“பரவால்ல சார். உடனே இத எழுதிராதீய. ரிசல்ட் வரட்டும்.”

சுருக்கென்றது. எழுதவில்லை. காத்திருந்தேன்.

நேற்று போன் செய்தாள். வேலை கிடைத்துவிட்டது! இனி எழுதலாமா என்று பயந்துகொண்டே கேட்டேன்.

“எழுதுங்க சார். நான் சொன்னா எங்கப்பா கேக்க மாட்டாவ. பேப்பர்ல வந்தாத்தான் கேப்பாவ.”

ஆகவே அண்ணாச்சி, பேப்பரிலேயே போட்டுவிட்டேன் — அடுத்த தடவை என்னை நம்பாதீர்கள், மகாவைக் கேளுங்கள்.