கபூர் நானாவை மன்னாருக்குக் கொண்டுபோவது யார்?

வல்லாஹி! பில்லாஹி! தல்லாஹி! மூன்று தரம் ஆணையிட்டுச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. தில்லையடியில் இறந்தவர்களை அடக்கும் எங்கள் ஜனாஸாச் சங்கத்தில் எழுத்து வேலை பார்த்தவன் நான். கபன் துணி, மய்யித்தைத் தூக்கும் சந்தூக்குப் பெட்டி, வேன் எல்லாவற்றுக்கும் ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே காசு கட்டிவிடுவார்கள். அவர்களின் கடைசி விருப்பத்தைப் படிவத்தில் எழுதி வைப்பது என் தொழில். மௌத்தானவர்களால் எனக்கு ஒரு கரைச்சலும் வந்ததில்லை. வந்ததெல்லாம் உயிரோடு இருந்தவர்களால்தான். வீட்டில் வயசான வாப்பா உள்ளவர்களுக்கும், தாங்களே வயசான வாப்பா ஆகிவிட்டவர்களுக்கும் நான் பட்ட பாடு விளங்கும்.

கடைசி வரி

கபூர் நானா தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர். இங்கே கருவாட்டு யாவாரம். சண்டை முடிந்து பாதை திறந்ததும் ஊருக்குப் போய், சொந்தக் கிணற்றில் ஒரு கேன் தண்ணீர் அள்ளிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். மௌத்தானால் அந்தத் தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டும், மன்னாரிலேயே அடக்க வேண்டும். எழுதினேன். கேனுக்கும் பெயர் ஒட்டினேன்.

படிவத்தின் கடைசி வரி, 'இவற்றை நிறைவேற்றும் பொறுப்பாளி.' மனிசன் அப்படியே கதிரையில் சாய்ந்துவிட்டார். மகன் இருக்கிறான், மகள் இருக்கிறாள், மருமகனும் மருமகளும் இருக்கிறார்கள். ஆனால் பெயர் வாயில் வரவில்லை. கடைசியில் சொன்னார்: "எனக்கு மௌத்துக்குப் பயமில்ல. அதுக்குப் பொறகு கொஞ்ச நேரம் இவனுகள்ட கையில இரிக்கணுமே, அதுதான் பயம்."

மகன் பார்த்து வைத்த இடம்

முதலில் மகன் நிஸ்தாரின் பெயரைத்தான் எழுதினோம். கரைத்தீவுப் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவன். படிவத்தைக் கொண்டுபோனேன். வாசிக்காமலே கையெழுத்து வைத்தான். வைத்த பிறகு வாசித்தான். "மன்னாரா?" என்றான். உடனே என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, எங்கள் ஊரில் மய்யித்துகளை அடக்கும் மையவாடிக்குப் போனான்.

அங்கே ஒரு வேப்பமர நிழலில், ஆளளவுக்கு நாலு மூலைக்கும் நாலு கல் நட்டு வைத்திருக்கிறான்! வாப்பா வீட்டில் இருந்து இடியப்பம் தின்றுகொண்டிருக்கிறார், மகன் இங்கே கபுறுக்கு அளவெடுத்துவிட்டான். நான் கல்லிலிருந்து இரண்டடி தள்ளி நின்றேன். அவனோ என் தோளில் கையைப் போட்டுச் சொன்னான்: "வாப்பாட்ட ஒண்டும் சொல்லிராதீங்க. திடீரெண்டு பாத்தா சந்தோசப்படுவார்."

ஒத்திகை

அன்றைக்கே நானாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். நிஸ்தாரின் பெயரை வெட்டிவிட்டு மருமகன் றிஸ்வானை எழுதினோம். எதைக் கேட்டாலும் "ஓம் மாமா" என்பவன். அதுவே கபூர் நானாவுக்குச் சந்தேகம். "ஒருக்கா மய்யித்து மாதிரிப் போய்ப் பாப்பம்" என்றார். சந்தூக்கு அறையின் சாவி என்னிடம்தான் இருந்தது. அதற்காகப் பிறகு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்துவிட்டேன், அந்தப் பேச்சை விடுங்கள். நானா சந்தூக்கில் ஏறி வெள்ளைத் துணியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். றிஸ்வான் ஓட்ட, வேன் மன்னார் ரோட்டில் பறந்தது.

சோதனைச் சாவடியில் ஒரு இளம் சிப்பாய் எட்டிப் பார்த்தான். மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி, எப்போது மௌத்தானார் என்று கேட்டான். நாங்கள் வாயைத் திறக்குமுன் துணிக்குள்ளிருந்து சத்தம் வந்தது: "இன்னும் இல்ல மாத்தயா!" சிப்பாய் "அம்மோ!" என்று கத்தி, முள்ளுக்கம்பி வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றான். சாவடியின் பெரிய அதிகாரி ஓடி வந்தார். நானாவின் அடையாள அட்டையை முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் தீர்ப்புச் சொன்னார்: "ஐயா, செத்து வாங்க. அப்ப விடுறது."

தேத்தண்ணிக் கடை

திரும்பி வரும்போதும் நானா சந்தூக்கிலேயே படுத்துக்கொண்டார், இடுப்புக்குச் சுகமாம். வழியில் ஒரு கடையில் நிறுத்தினோம். மாமா தூங்குகிறார் என்று நினைத்த றிஸ்வான், வேனில் சாய்ந்து நின்று நிஸ்தாருக்குப் போன் அடித்தான். "மச்சான், இந்தத் தூரமெல்லாம் சரிவராது. நாள் வந்தா நீங்க பாத்து வச்ச இடத்திலயே முடிச்சிருவம். அவரா எழும்பி வந்து கேக்கப்போறார்?"

வேனின் பின்கதவு படாரென்று திறந்தது. வெள்ளைத் துணி தோளில் தொங்க நானா இறங்கினார். கடையில் இருந்த ஒருவரும் கதிரையில் இல்லை. "இந்தா, எழும்பி வந்துதான் கேக்கிறன் மருமகன்!"

பாயிஸா

மறுநாள் வந்து, "பாயிஸாவை எழுதுங்க" என்றார். என் கையிலிருந்த பேனை விழுந்துவிட்டது. பாயிஸா நிஸ்தாரின் பெண்சாதி. உப்பளம் உள்ள ஊரில் இருந்துகொண்டு இவள் மீன் ஆணத்துக்கு உப்புப் போட மாட்டாளா என்று விருந்தாளிகள் முன்னால் மாமனார் ஒரு நாள் கேட்டுவிட்டார். அதிலிருந்து பதினொரு வருஷம், ஒரே வீட்டில், இரண்டு பேருக்கும் கதை இல்லை. சோற்றை மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து "சோறு" என்பாள். அவரும் சுவருக்குத்தான் பதில் சொல்வார்.

"அவளா நானா?" என்றேன். "அவதான்" என்றார். "மத்தவனுகளுக்கு என்னில பாசம், பக்கத்திலயே வச்சிக்கப் பாப்பானுகள். இவ ஒருத்திதான் நான் இந்த ஊரை விட்டுத் தொலைஞ்சாப் போதுமெண்டு இரிக்கிறா."

படிவத்தைக் கொண்டுபோனேன். அவள் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். கடைசி வரியில் கையெழுத்து வைத்தாள்.

மண்வெட்டி

கபூர் நானா ஒரு நாள் விடியச் சுபஹுத் தொழுதுவிட்டுப் படுத்தவர், எழும்பவில்லை. நிஸ்தார் உடனே கபுறு வெட்ட ஆள் அனுப்பினான். போன ஆள் வெறுங்கையோடு திரும்பி வந்தான். பள்ளிவாசலில் மண்வெட்டி இல்லை. பக்கத்து வீடுகளிலும் இல்லை. தெரு முழுக்க ஒன்றுமில்லை!

பாயிஸா எல்லாவற்றையும் இரவல் வாங்கி வந்து தன் அறையில் பூட்டிவிட்டு, கதவுக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் படிவம், காலடியில் தண்ணீர்க் கேன். "உனக்கென்ன பைத்தியமா?" என்று நிஸ்தார் கத்தினான். அவள் அசையவில்லை: "கையெழுத்து வச்சது நான். மாமாவை இந்தத் தண்ணியில குளிப்பாட்டுங்க. வேன்ல நானும் வாறன், மன்னாருக்குப் போய்ச் சேந்த பொறகு சாவி தாறன்."

ஊர்க் கிணறு

பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் மன்னாரில் அடக்கினோம். பெண்கள் நானாவின் கூரையில்லாத பழைய வீட்டில் காத்திருந்தார்கள். நாங்கள் மையவாடியிலிருந்து திரும்பியபோது பாயிஸா கிணற்றடியில் தனியாக நின்றாள். என் வாய் சும்மா இருக்குமா? "என்ன புள்ள, மனிசன் தொலைஞ்சாச்சு, இனி நிம்மதிதானே?" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. எனக்கு அன்றைக்கு வந்த அதிர்ச்சி சந்தூக்கைப் பார்த்த சிப்பாய்க்கும் வந்திராது. "குளிப்பாட்ட எடுக்கக்குள்ள, ஆரும் கேக்காம மெதுவா 'மாமா' எண்டு கூப்பிட்டுப் பாத்தன் நானா. அந்த வீம்பு புடிச்ச மனிசன் திரும்பியே பாக்கல்ல."

ஆக, கடைசிக் காரியத்துக்குப் பாசக்காரரைவிடக் கோபக்காரர்தான் நம்பகம் என்பது நான் கண்ட உண்மை, ஆனால் இதைச் சொன்னது யார் என்று எவரிடமும் மூச்சுவிடாதீர்கள், ஏனென்றால் நானும் என் மருமகளோடு கதையை நிறுத்தி இன்றோடு நாலு நாள்.