எண்பத்தாறு வரிகள்

ராஜபாளையத்து நூல் மில் ஒன்றின் டைம் ஆபீஸில் ஐயாதுரை வேலைக்குச் சேர்ந்தது எண்பத்தொன்றாம் வருஷம். ஷிப்டுக்கு நுழைகிறவர்களிடம் டோக்கனை வாங்கி ஆணியில் மாட்ட வேண்டும். பிறகு அந்த எண்களைப் பார்த்து மஸ்டர் நோட்டில் வருகை போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பத்தாவது வரை படித்தவர். ஒரு பக்கத்தை எழுதி முடித்ததும் மேலிருந்து கீழாக ஒருமுறை கூட்டுவார், கீழிருந்து மேலாக ஒருமுறை கூட்டுவார். இரண்டும் ஒத்துவராமல் அடுத்த பக்கம் புரட்ட மாட்டார். கூட இருந்த மூன்று கிளார்க்குகளும் கேலி செய்வார்கள், ஏறும்போது தொகை மாறிப்போகுமா என்று. இறங்கும்போது நான் தூங்கியிருந்தால் என்ன செய்வது என்பார் அவர்.

தொண்ணூற்று மூன்றில் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அந்த மூன்று பேரையும் பஞ்சு கோடவுனுக்கு அனுப்பினார்கள். ஐயாதுரை தப்பியதற்குக் காரணம், அதற்கு ஆறு மாதம் முன்பே தன் கைக்காசைப் போட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி அறையில் நடந்த மாலை வகுப்பில் சேர்ந்திருந்ததுதான். புத்தகம் முழுக்க இங்கிலீஷ். தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதி பார்த்து, அதன் தலைக்கு மேலே பென்சிலால் அர்த்தம் எழுதிக்கொண்டே படித்தார். அந்தப் புத்தகத்தை அப்புறம் யாரும் பழைய விலைக்குக்கூட வாங்கவில்லை.

வருகைக் கணக்குக்குப் புரோகிராம் எழுத வந்தவர் ஹயக்ரீவன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், மதுரையில் படித்தவர், வயது இருபத்தைந்து. கெட்டிக்காரர். கெட்டிக்காரர்களுக்கு உள்ள அவசரமும் உண்டு.

மில்லில் நிரந்தரத் தொழிலாளிகளுக்கு மேலே நூறு பேருக்குக் குறையாமல் பதிலியாட்கள் இருந்தார்கள். விடியற்காலையில் வந்து கேட்டில் நிற்பார்கள். உள்ளே யாராவது வராமல் போயிருந்தால் அந்த இடத்துக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்ப வேண்டியதுதான். இரண்டு வருஷத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே பதிலிகளுக்கு அந்த நாள் கணக்குதான் உயிர்.

அவர்களில் ஒருத்தி மாடத்தி. ஐயாதுரையின் அண்ணன் மாரிச்சாமியின் மனைவி. மாரிச்சாமி மஞ்சள் காமாலையில் போன பிறகு, மகள் வெள்ளத்தாயை வைத்துக்கொண்டு தளவாய்புரத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வந்து, நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பகுதியில் வேலை பார்த்தாள்.

புரோகிராம் தயாரானதும், நம்பிக்கையாக ஒரு சான்று இல்லாமல் மஸ்டர் நோட்டை நிறுத்த முடியாது என்று மேனேஜர் ஜகந்நாதன் சொல்லிவிட்டார். ஹயக்ரீவன் மதுரையில் ஒரு நண்பரிடமிருந்து ஒரு பிளாப்பி வாங்கி வந்தார். அதில் கவரேஜ் என்று ஒரு கருவி இருந்தது. புரோகிராமைச் சோதித்து ஓட்டும்போது அதன் எந்தெந்த வரிகள் உண்மையில் ஓடின, எவை ஓடவே இல்லை என்று அது பிரித்துக் காட்டும். ஓடிய வரிக்கு எதிரே நட்சத்திரம், ஓடாத வரிக்கு எதிரே கட்டம். கடைசியில் நூற்றுக்கு எவ்வளவு என்று ஒரு எண். சோதனையில் ஓடாத வரியில் என்ன பிழை இருக்கிறதென்று எழுதியவருக்கே தெரியாது. அதனால்தான் அந்தக் கருவி.

பிளாப்பியில் ஒரு குறிப்பும் இருந்தது. எழுதிய புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற கம்பைலர்களில் எதோடு இந்தக் கருவி ஒத்துப்போகும், இதில் தெரிந்த குறைகள் என்னென்ன என்று. ஹயக்ரீவன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஐயாதுரை ஒன்பது தாளில் அச்செடுத்து, நான்கு சாயங்காலம் உட்கார்ந்து படித்தார். ஒத்துப்போகும் பட்டியலில் இவர்களுடைய கம்பைலர் இல்லை. ஒத்துப்போகாத பட்டியலிலும் இல்லை. அது அவ்வளவு பழசு. குறைகள் பதினொன்று. எட்டாவது குறை அவருக்குப் பாதிதான் விளங்கியது. புரோகிராம் பெரிதாக இருந்து மெமரியில் கொள்ளாமல் துண்டு துண்டாக ஏற்றப்படுமானால், சோதனையின்போது ஏறாத துண்டு கணக்கிலேயே வராது என்று இருந்தது. அதன் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு வைத்தார்.

சோதனைக்கு மே மாத மஸ்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். கல்யாணம், காய்ச்சல், அரை நாள், டபுள் ஷிப்டு எல்லாம் கலந்து வருகிற மாதம் அதுதான். ஓட்டினார்கள். நாலாயிரத்து இருநூற்று இருபத்தாறு வரிகளில் நாலாயிரத்து இருநூற்று இருபத்தாறும் ஓடின. நூற்றுக்கு நூறு.

ஐயாதுரை அன்று சாயங்காலம் புரோகிராமின் அச்சை விரித்துவைத்து விரலால் எண்ணினார். குறிப்புரைகளையும் காலி வரிகளையும் வெறும் அடைப்புக்குறிகளையும் விட்டுவிட்டுத்தான் எண்ணினார். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது. கீழிருந்து மேலாகவும் எண்ணினார். அதே தொகை. எண்பத்தாறு வரி குறைந்தது.

மறுநாள் ஹயக்ரீவனிடம் கேட்டார்.

"கமெண்ட், காலி வரியெல்லாம் அது எண்ணாது சார். நீங்க சேத்து எண்ணியிருப்பேள்."

"எட்டாவதா ஒரு குறை போட்டிருக்கே சார்?"

"அது புதுக் கம்பைலருக்கு எழுதினது. நம்மளது பழசு, நமக்கு வராது. இப்படி ஒண்ணொண்ணா பாத்துண்டு இருந்தா அடுத்த வருஷந்தான் ஓட்டணும்."

சேர்த்து எண்ணவில்லை என்று ஐயாதுரைக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தார். ஆனால் படித்துவிட்டு வந்தவர் சொல்கிறார், வாசலில் மேனேஜரின் ஆள் சான்றுத் தாளுக்காக நிற்கிறான், கோடவுனில் மூன்று பேர் பஞ்சுப் பொதி புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். சோதித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். தொண்ணூற்று நான்கு பிப்ரவரியோடு மஸ்டர் நோட்டுகள் கட்டிப் பரணில் ஏறின.

இரண்டு வருஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. தொண்ணூற்றாறு மார்ச் கடைசியில் நிரந்தரமாகிறவர்களின் பட்டியல் எடுத்தார்கள். அதில் மேனேஜர் கையெழுத்துப் போட மூன்று நாள் இருந்தபோது மாடத்தி ஷிப்டு முடிந்து டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றாள். வேலை கிடைத்த ஒவ்வொரு நாளும் தினசரிக் காலண்டரில் அந்தத் தாளைக் கிழித்து, சாக்குத் தைக்கிற ஊசியால் நூலில் கோத்து வைத்திருந்த கோவை அவள் கையில் இருந்தது.

"தம்பி, எங் கணக்குல நானூத்தி எம்பது வருது. அங்க எம்புட்டுக் காட்டுது?"

"நானூத்தி எழுவத்தெட்டு, மதினி."

"செத்த பாருங்களேன். நான் ஒரு நா விடாமக் கோத்திருக்கேன்."

"அது நூத்துக்கு நூறு சோதிச்சது மதினி. நாந்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவள் கோவையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீங்க பாத்ததுன்னாச் சரியாத்தான் இருக்கும். நாந்தான் ரெண்டு தாளு கூடக் கிழிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

பட்டியல் வந்தது. அதில் அவள் பெயர் இல்லை. ஏப்ரலில் ஆர்டர் இல்லையென்று ரீலிங் பகுதியைப் பாதியாகக் குறைத்தார்கள். நிரந்தரமானவர்களை வேறு பகுதிக்கு மாற்றினார்கள். அந்தப் பகுதிப் பதிலிகளிடம் இனி கேட்டில் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாடத்தி சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்குப் போனாள்.

ஜூனில் ஐயாதுரை தளவாய்புரம் போயிருந்தபோது அந்தக் காலண்டர்க் கோவை அடுப்பு ஓரத்தில் கிடந்தது. வீணாகத்தானே கிடக்கிறது, பற்றவைக்கலாம் என்று வைத்திருப்பதாக மாடத்தி சொன்னாள். எதற்கென்று தெரியாமலே அதை வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் கம்ப்யூட்டரில் அவள் வருகையை அச்செடுத்து, ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்துத் தள்ளினார். இரண்டு தாளுக்கு எதிரே வருகை இல்லை. இரண்டும் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், வருஷத்துக்கு ஒன்று.

அந்த நாளில் மில் ஓடாது. பதிலிகள் மட்டும் வந்து மெஷின்களைத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, சந்தனம் வைக்கத் தயாராக்குவார்கள். அரை ஷிப்டுதான் வேலை, ஆனாலும் பழைய ஒப்பந்தப்படி முழு நாளாக வைக்க வேண்டும். மஸ்டரில் அதைத் தனியாகச் சிவப்பு மையில் போடுவது ஐயாதுரையே செய்த வேலை. புரோகிராமில் அது தனித் துண்டாக இருந்தது. அக்டோபரில் மட்டுந்தான் அது மெமரியில் ஏறும். மே மாதத்தில் அதற்கு வேலை இல்லை. ஏறாததால் கருவி அதை எண்ணவே இல்லை, குறைவாகவும் காட்டவில்லை. அந்தத் துண்டை அச்சில் எண்ணினார். எண்பத்தாறு வரி. நடுவில் ஓரிடத்தில் நாளும் மாதமும் இடம் மாறிக் கிடந்தன. அதனால் அந்த நாள் யாருக்கும் வருகையாக ஏறவில்லை. அன்றைய கூலியை அன்றே கையில் கொடுத்துவிடுவதால் சம்பளத்திலும் குறை தெரியவில்லை.

ஹயக்ரீவன் பார்த்தார். பிறகு பத்து நிமிஷத்தில் திருத்திவிட்டார். திருத்திய புரோகிராமில் மாடத்தியின் எண்ணைக் கொடுத்து ஓட்டியபோது நானூற்று எண்பது என்று வந்தது. அதன் பக்கத்திலேயே, வேலையில் இல்லை என்றும் வந்தது.

மேனேஜரிடம் இருவரும் போனார்கள். அவர் கோபப்படவில்லை. நாள் கணக்கு குறைந்துபோனது அறுபது பேருக்கு, அதில் நானூற்று எண்பதின் எல்லையில் நின்றது ஒருத்திதான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒருத்திக்காகப் பட்டியலைத் திறந்தால் அறுபது பேரும் வந்து நிற்பார்கள், இனி வருகிற கணக்கு சரியாக இருந்தால் போதும் என்றார். சோதனைத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது யார் கையெழுத்து, ஐயாதுரை?"

இருவரும் வெளியே வந்தார்கள்.

ஆனால் ஐயாதுரை விடவில்லை. தொழிலாளர் அதிகாரிக்கு ஒரு மனு எழுதினார். எண்பத்தாறு வரியின் அச்சு, எட்டாவது குறை இருந்த தாள், காலண்டர்க் கோவை, தானே தவறாகக் கையெழுத்திட்டதாக ஒரு வாக்குமூலம் எல்லாவற்றையும் சேர்த்தார். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் எழுதினார். மாடத்தியின் கைநாட்டு ஒன்றுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை போய் விளக்கிச் சொன்னார். தன் மேல்தான் தப்பு என்று அவர் சொன்னபோது அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் முறத்திலிருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் எண்ணுனது சரிதான்" என்றாள்.

"சரிதான் மதினி."

"இது வேண்டாம் தம்பி. வெள்ளத்தாயிய போன வாரந்தான் பதிலியா எடுத்திருக்காவ. ஸ்பின்னிங்ல. நான் மனுப் போட்டா அவளக் கேட்டுக்குள்ள விடுவாவளா?"

அவள் முறத்தை ஒருமுறை தட்டிக்கொண்டாள்.

"அவ பேரும் அந்தக் கம்ப்யூட்டர்லதான இருக்கு. அவ கணக்க மட்டும் நீங்க பாத்துக்கிடுங்க."

மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு மாதக் கடைசியில் வெள்ளத்தாயின் நாட்களை ஒரு தனி நோட்டில் கையாலும் போட்டு வந்தார். கம்ப்யூட்டரில் வந்ததும் நோட்டில் இருந்ததும் ஒருமுறைகூடப் பிசகவில்லை. முந்நூற்றுப் பதினொன்று வரை வந்தது. தொண்ணூற்றேழு செப்டம்பரில் பதிலி முறையையே எடுத்துவிட்டு, ஆட்களைக் காண்டிராக்டர் மூலம் வாங்கிக்கொள்வது என்று மில் முடிவு செய்தது. வெள்ளத்தாய் அதே மெஷினில்தான் நின்றாள். வருகையைக் காண்டிராக்டரின் ஆள் ஒரு பாக்கெட் நோட்டில் குறித்துக்கொண்டான். அந்த நோட்டை டைம் ஆபீஸில் காட்ட வேண்டியதில்லை. அந்த மாதக் கடைசியில் ஐயாதுரை அவள் எண்ணைக் கொடுத்தபோது, அப்படி ஒரு ஆள் இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. அதில் பிழை எதுவும் இல்லை.