அயர்ன் சூட்டில் போட்ட கையெழுத்து

திருப்பூர் வேலையில் நான் முதலில் கற்றுக்கொண்ட ஆங்கிலம் 'அட்ஜஸ்ட்'. பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராகச் சேர்ந்த அன்றே தொடங்கிவிட்டது. ஃபேன் ஓடவில்லையா, அட்ஜஸ்ட் பண்ணுங்க. எட்டு மணி நேர ஷிப்ட் பன்னிரண்டு ஆகிறதா, அட்ஜஸ்ட் பண்ணுங்க. வேனில் நாலு பேர் சீட்டில் ஆறு பேர், அதற்கும் அதேதான். அகராதியில் என்ன போட்டிருக்கிறதோ தெரியாது. எங்கள் மேனேஜர் வாயில் அதற்கு எத்தனை அர்த்தம் வந்தாலும், பொறுத்துக்கொள்ள வேண்டியது எதிரில் நிற்கும் நாங்கள்தான்.

வெளிநாட்டு ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா கட்டுப்பாட்டை நீக்கிய புதிது. ஆர்டர் குவிந்தது. பின்னல் துணியை ரோலிலிருந்து பிரித்து ஒரு நாள் ஆறப்போட்டுத்தான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் பிறகு சுருங்கும். மேனேஜர் அந்த ஒரு நாளையும் அட்ஜஸ்ட் பண்ணினார். டி-ஷர்ட் அத்தனையும் இரண்டு சென்டிமீட்டர் குட்டை.

"சார், லெங்த் பத்தலீங்க" என்றேன்.

"அயர்ன்ல இழுத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமுங்க. பத்து மணிக்கு பையரோட கியூசி தரம் பாக்க வர்றாரு. நீங்க ரிப்போர்ட்ல ஓகேன்னு கையெழுத்துப் போடுங்க, போதும்."

எரிச்சலாக இருந்தது. ஆனால் வேலை போனால் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி ஊருக்குக் கூட்டிப்போக வேண்டியதுதான். நீராவி அடித்து இழுத்த சூட்டோடு அளந்தேன். அளவு சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

பத்து மணிக்கு வரவேண்டிய கியூசி நாலு மணிக்கு வந்தார். அதற்குள் துணி ஆறிப் பழையபடி சுருங்கிவிட்டது. டேப் வைத்துப் பார்த்தவர் ரிப்போர்ட்டை மேனேஜரிடம் தூக்கிக் காட்டினார்.

மேனேஜர் என்னை ஓரமாக அழைத்தார். "ஏனுங்கம்மா, செக்கிங்ல தப்பு நடந்துருச்சுன்னு சொல்லிட்டனுங்க. இந்த ஒருக்கா அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

அத்தனை நாள் அடக்கிய கோபம் வெடித்தது. நேராக கியூசியிடம் போனேன்.

"கையெழுத்து உங்களுதுதானம்மா?"

"ஆமாங்க சார். சூட்டோட அளந்து போட்டது என் தப்பு. துணிய ஆறப்போடாம வெட்டச் சொன்னது மேனேஜருங்க."

அன்று மாலையே என்னை அனுப்பிவிட்டார்கள். அடுத்த கம்பெனி கிடைக்க இரண்டு மாதம் ஆனது.

செக்கிங்குக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: துணி ஆறிய பிறகு அளந்து பாருங்கள், அதன் பிறகு பேனாவை எடுங்கள். இழுத்த துணி சாயங்காலத்துக்குள் தன் அளவுக்குத் திரும்பிவிட்டது. நான் போட்ட கையெழுத்து அப்படியே இருந்தது.