கடிகாரம் மாதிரி துடித்த இதயம்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவர் வங்காளத்தில், கிடர்பூர் துறைமுகப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தார். பல வருடங்களாகச் சர்க்கரை வியாதி. மேலதிகாரி அறைக்குள் வந்தால் மரியாதைக்காக விருட்டென்று எழுந்து நிற்பார். அப்படி எழுந்தவர் ஒருநாள் அதிகாரியின் காலடியிலேயே மயங்கி விழுந்தார். அடுத்த வாரமும் விழுந்தார். பதவி உயர்வுக்காகச் செய்கிறார் என்று அலுவலகத்தில் சிலர் நினைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு வங்காளிப் பெண் டாக்டரிடம் அவரை அழைத்துப் போனேன். படுக்கவைத்து, கை கால்களில் ஈ.சி.ஜி. கம்பிகளை மாட்டினார். "தாதா, மெதுவா மூச்சை இழுங்க. மெதுவா விடுங்க" என்று ஹிந்தியில் சொன்னார்; அண்ணா என்பதை மட்டும் வங்காளியில் அழைத்தார். வெளியே வந்த காகிதத்தில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்தார். எல்லாம் ஒன்றுபோல இருந்தன.

"பாத்தியா? கடிகாரம் மாதிரி!" என்றார் கணவர் என்னிடம்.

டாக்டர் என்னை அண்ணியாக்கி, "பௌதி, இப்ப நீங்க படுங்க" என்றார். நான் மூச்சை இழுத்தபோது இடைவெளிகள் குறுகின, விட்டபோது நீண்டன. அதைப் பார்த்த கணவர் என் பக்கத்தில் வந்து, "பயப்படாத. இப்ப எல்லாத்துக்கும் மாத்திரை இருக்கு" என்றார்.

"அவங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர் அவரிடம். "மூச்சுக்குத் தக்கபடி இதயம் வேகமாகணும், நிதானமாகணும். நாம நினைக்காமலே அதைச் செய்யற நரம்புகள் இருக்கு. உங்களுக்குச் சர்க்கரை அதைக் கெடுத்திருக்கு. எழுந்து நிக்கும்போது ரத்த அழுத்தம் இறங்காம பிடிக்கறதும் அந்த மாதிரி நரம்புதான்."

"சரியாயிடுமா?" என்று கேட்டார் கணவர்.

"முழுசா ஆகாது. சர்க்கரையக் கட்டுப்படுத்துங்க. திடீர்னு எழுந்திரிக்காதீங்க, யாருக்காகவும்."

டிராமில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். எஸ்பிளனேடு நிறுத்தம் தாண்டியதும், "அந்த நரம்பு தூக்கத்துல என்ன செய்யுமோ. நான் தூங்கும்போது கொஞ்சம் பாத்துக்க" என்றார். காப்பியைத் தவிர அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. "பாத்துக்கறேன்" என்றேன்.

மறுநாள் அதிகாரி வந்தபோது இவர் உட்கார்ந்தே இருந்தார்.

"என்ன, இன்னிக்கு எழுந்திரிக்கலயா?"

இவர் மூச்சை இழுத்து விட்டுக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினார். அதிகாரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கும் சர்க்கரை உண்டு. அந்த டாக்டர் எங்க இருக்காங்க?"

அந்த மாதமே போய்ப் பார்த்துக்கொண்டார். அவருடைய துடிப்புகள் நன்றாகவே கூடிக் குறைந்தனவாம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்ன என் கணவர், "அதிகாரின்னா எல்லாத்துலயும் சலுகைதான்" என்றார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து கை கழுவப் போனார்.