பாஞ்சாலைக்குக் கொடுத்த தூரம்

மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமக்கும் சாலம்மாள், வருடா வருடம் ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவள். இந்த வருடத்தோடு பதினாலு தடவை. காவிச் சேலை, தோளில் ஒரு பை, காலில் செருப்பு கிடையாது. ஊரிலிருந்து இருபது பேர் சேர்ந்து போவார்கள். ஆட்டோ ஓட்டும் சவரிமுத்து மாதா சுரூபம் வைத்த தள்ளுவண்டியோடு முன்னால் நடப்பான். மற்றவர்கள் அவரவர் வேண்டுதலோடு போவார்கள். சாலம்மாள் ஊர் வேண்டுதலோடு போவாள்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் சீட்டு எழுதிக் கொடுத்தால் வாங்கமாட்டாள். வந்து வாயால் சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டு, சாலையில் ஒரு பகுதியை அவர்களுக்கு ஒதுக்குவாள். மரக்காணத்திலிருந்து கூனிமேடு வரை ஒருத்தருக்கு, அங்கிருந்து காலாப்பட்டு வரை இன்னொருத்தருக்கு. அந்தத் தூரம் முழுக்க வேறு யாரையும் நினைக்கமாட்டாள். கிலோமீட்டர் கல் ஒவ்வொன்றிலும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி, ஆள் பெயரையும் காரியத்தையும் வாய்விட்டுச் சொல்வாள். இந்த முறையை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லோருடையதையும் ஒன்றாகச் சொன்னால் பெயர்கள் குழம்பிவிட்டன. அதனால் அவளே வைத்துக்கொண்டது.

உப்பளத்தில் டீ நேரத்தில் இந்தப் பங்கீடு நடக்கும். இந்துப் பெண்களும் கேட்பார்கள்.

"எனக்குப் பாண்டிச்சேரி வேணாம்டி" என்றாள் செல்லம்மாள். "போன வருசம் அங்கதான் குடுத்த. என் முட்டி வலி அப்படியே இருக்குது. நீ கடைய வேடிக்கை பாத்துக்கினு போயிருப்ப."

"நான் எங்க பாத்தேன்? வண்டிக் கூட்டத்துல கல்லே தெரியல."

"அதான் சொல்றேன். கல்லு தெரியற எடமா குடு."

மாதாவுக்குத் தெரியாததையா இவள் போய்ச் சொல்லப்போகிறாள் என்று கேட்டவர்கள் உண்டு. அவள் அதற்குச் சண்டை போட்டதில்லை. பைபிளில் வரும் கானாவூர்க் கல்யாண வீட்டில் திராட்சை ரசம் தீர்ந்தபோது மாதா என்ன செய்தார்? இல்லாததை மகனிடம் சொன்னார், அவ்வளவுதான். இப்படிச் செய், அப்படிச் செய் என்று மகனுக்குச் சொல்லவில்லை. ஒருத்தருக்கு இல்லாததை இன்னொருத்தர் எடுத்துச் சொல்ல வேண்டும். அது போதும் என்பது சாலம்மாளின் எண்ணம். அதைப் பெரிய ஞானம் என்று சொல்ல முடியாது. ஆனால் பதினாலு வருடம் அதன் மேல் நடந்திருக்கிறாள்.

இந்த வருடம் பாஞ்சாலை வந்தாள்.

பாஞ்சாலைதான் அவளுக்கு ஜோடி. உப்பு நிறைந்த கூடையைத் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. ஒருத்தி தூக்கிவிட வேண்டும். ஒன்பது வருடமாக ஒருத்தி தலைக்கு மற்றவள் தூக்கிவிடுகிறாள். அன்றைக்கு டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பாஞ்சாலை சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"சாலா, என் மருமவளுக்கும் கேளுடி. அந்தப் பால்வாடி வேலைக்கு."

பால்வாடியில் இருந்தது ஒரே ஓர் இடம். பாஞ்சாலையின் மருமகள் சூர்யகலாவும் சாலம்மாளின் மகள் மேரிசெல்வியும் அதற்கே மனுப் போட்டு, ஒரே நாளில் இன்டர்வியூவுக்குப் போய்வந்திருந்தார்கள். மேரிசெல்வியைக் கட்டினவன் விட்டுவிட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது; சின்னக் குழந்தையோடு தாய் வீட்டில் இருக்கிறாள். சூர்யகலாவின் புருஷன் பிரபாகரன் உப்பு லாரியிலிருந்து விழுந்து முதுகு போய்ப் படுத்திருக்கிறான். இரண்டு வீட்டுக்கும் அந்த வேலைதான் வழி.

"அக்கா, என் பொண்ணும் அதுக்குத்தான..."

"தெரியாமலா கேக்கறேன்? உன் பொண்ணுக்கு நீ கேக்கத்தான் போற. கேளு. எங்களுக்கும் கேளு. அப்புறம் மாதா பாடு. ஒருத்தி பேரு மட்டும் அங்க போயி நின்னா நியாயமா?"

செல்லம்மாள் குறுக்கே விழுந்தாள். "ஏம்மா பாஞ்சால, உனக்கு வெக்கமே கெடையாதா?"

"வெக்கப்பட்டா சோறு வருமா?"

சாலம்மாள் மறுக்கக் காரணம் தேடினாள். கிடைக்கவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து கோயில் வாசல் வரை மேரிசெல்விக்கு என்று மனதில் வைத்திருந்தாள். மீதி இருந்ததில் கடலூரிலிருந்து ஆலப்பாக்கம் வரை பாஞ்சாலைக்குக் கொடுத்தாள். பதினாறு கல். நல்ல தூரம்தான். குறைத்துக் கொடுத்தாள் என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் காலை கடலூரைத் தாண்டியதும் முதல் கல்லில் ஆரம்பித்தாள். "பாஞ்சாலை மருமவ சூர்யகலாவுக்கு அந்த வேலை கிடைக்கணும் தாயே." வார்த்தை சரியாக வந்தது. இரண்டாவது, மூன்றாவது கல்லிலும் வந்தது. ஐந்தாவது கல்லில்தான் கவனித்தாள். ஒவ்வொரு தடவையும் சொல்லி முடித்த பிறகு, உள்ளே இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது: என் பொண்ணுக்கு இல்லன்னு ஆனா மட்டும்.

ஆறாவது கல்லில் அதை நிறுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை. ஏழாவது கல்லில், 'இவளுக்குக் குடுக்காத' என்றே மனசு சொன்னது. வாய் ஒன்று கேட்க, மனசு வேறொன்று கேட்டது. மாதா எதைக் காதில் வாங்குவார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

வேப்பமரத்தடியில் சவரிமுத்து வண்டியை நிறுத்தி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தான். சாலம்மாள் அவனிடம் போனாள்.

"நீங்க நடங்க. நான் பின்னால வர்றேன். கடலூர் வரைக்கும் போயிட்டு."

"ஏதாச்சும் உட்டுட்டு வந்துட்டியாக்கா?"

"இல்லப்பா. ஏழு கல்லு சரியா நடக்கல."

அவன் அவள் காலைப் பார்த்தான். "நல்லாத்தான நடந்த?" அவள் பையைத் தோளில் ஏற்றவே, "மாதா என்ன அட்டெண்டன்ஸா எடுக்குது? வெயில் ஏறிக்கினு இருக்குது, பேசாம வாக்கா" என்றான்.

"ராத்திரி தங்கற எடத்துக்கு வந்துடுவேன்."

திரும்பி நடக்கும்போது அவளுக்குச் சவரிமுத்து மேல் கோபம் வந்தது. பிறகு பாஞ்சாலை மேல். கடலூர் எல்லையில் முதல் கல்லின் அருகே உட்கார்ந்தாள். மனசை மாற்று என்றால் அது மாறுகிற சாமானா? வேலையைப் பற்றி நினைத்தால் மேரிசெல்வி முகம்தான் வந்தது. அதனால் வேலையை விட்டுவிட்டுச் சூர்யகலாவை மட்டும் நினைத்துப் பார்த்தாள். பிரபாகரன் விழுந்த புதிதில், அவனை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, ஓலைத் தட்டியைத் தாண்டி வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போன சூர்யகலா. அன்றைக்கு வழியில் நின்றிருந்த சாலம்மாளைப் பார்த்து, "உள்ள வாங்கத்தே, டீ போடறேன்" என்று மூச்சு வாங்கச் சொன்னவள். அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்தாள்.

பதினாறு கல்லில் மூன்று கல்லில் மட்டும் வேண்டுதல் வால் இல்லாமல் வந்தது. நான்காவதில், ஒன்பதாவதில், பதின்மூன்றாவதில். மற்றதில் எல்லாம் அந்தப் பழைய பேச்சு பின்னாலேயே வந்தது. ஆனால் முதல் தடவை ஏழாவது கல்லில் மனசு கேட்டதை அவள் மறுபடி கேட்கவில்லை. அவளால் முடிந்தது அவ்வளவுதான். ஆலப்பாக்கத்தில் மற்றவர்களைப் பிடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சவரிமுத்து சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டினான்.

செப்டம்பர் மூன்றாவது வாரம் ஆர்டர் வந்தது. சூர்யகலாவுக்கு.

அன்று சாயங்காலம் மேரிசெல்வி குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்து நின்றாள்.

"நீ கேட்டதாலதான வந்துச்சு? ஊரே சொல்லுது, சாலம்மா கேட்டா கிடைக்கும்னு."

சாலம்மாளுக்கு ஒரு பதில் பக்கத்திலேயே கிடந்தது. வேலை ஆபீஸில் முடிவானது, என் ஜெபத்தில் இல்லை என்று சொல்லிவிடலாம். மகள் கொஞ்சம் அடங்கியும் இருப்பாள். ஆனால் அதைச் சொன்னால் பதினாலு வருடமும் சும்மா ரோட்டில் நடந்தது என்றாகிவிடும். சொல்லாவிட்டால் பெற்ற மகள் வாயிலிருந்து பிடுங்கி அடுத்த வீட்டில் கொடுத்தவள் ஆகிறாள்.

"கேட்டேன்" என்றாள். "உனக்கும் கேட்டேன், அவளுக்கும் கேட்டேன். குடுத்தது நான் இல்ல."

"எனக்கு எங்க கேட்ட?"

"நாகப்பட்டினத்துலருந்து கோயில் வாசல் வரைக்கும்."

"மனசோட கேட்டியா?"

"உனக்குக் கேக்கறதுக்கு மனசு வர்றது ஒரு கஷ்டமாடி?"

"அவளுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "வரல. திரும்பிப் போயி மொதல்லருந்து கேட்டேன்."

"திரும்பிப் போயி!" மேரிசெல்வி சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "அவளுக்கு ரெண்டு தடவ. எனக்கு ஒரு தடவ."

மகள் சொன்ன கணக்கில் தப்பு இல்லை. சாலம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மேரிசெல்வி நகர்ந்து உட்கார்ந்தாளே தவிர, எழுந்து போகவில்லை.

இரண்டு நாள் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்தான் கேட்டது. மூன்றாம் நாள் விடியற்காலை, சாலம்மாள் உப்பளத்துக்குப் புறப்படும்போது மேரிசெல்வி பாயில் படுத்தபடியே சொன்னாள்.

"அடுத்த வருசம் நானும் வர்றேன். எனக்கு நானே கேட்டுக்கறேன். நடுவுல நீ வேணாம்."

"வா. ஆனா இன்னொருத்தருக்கும் நீ கேக்கணும்."

"எதுக்கு?"

"வெறும ஒனக்கே கேட்டுக்கினு அவ்ளோ தூரம் நடக்க முடியாது. நான் மொத வருசம் நடந்து பாத்தேன்."

மேரிசெல்வி புரண்டு படுத்தாள். "அப்போ எனக்கு நட்டம் வராத ஆளா பாத்துக் குடு. கேக்கறேன்."

சாலம்மாள் வாசலில் நின்று யோசித்தாள். ஊரில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம்.

"சரி, அவங்கள்லருந்தே ஆரம்பி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.