சனிக்கிழமை இறங்கிய சக்கரம்

"சூசண்ணே, ஒரு இரும்பு வெட்டணும். கொஞ்சம் தடிப்பு. கேஸ் போட்டும் வெட்ட மாட்டேங்குது லா."

போனில் சிவா இப்படிச் சொன்னபோது காலைப் பசியாறல்கூட முடியவில்லை. ஈப்போவில் ஒரு பெசி புரோக் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், கேஸ் தீயால் இரும்பு வெட்டும் கட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சுங்காயில் இருக்கிறேன். வேலையை விட்ட பிறகுதான் என்னைத் தேடுபவர்கள் கூடிவிட்டார்கள். கடைக்காரர்கள் தூக்கக்கூடிய துண்டாகத்தான் இரும்பு கேட்பார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் வீட்டுப் பின்னாலேயே வெட்டும் வேலையில் இறங்கிவிடுகிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டதும் எனக்குப் போன் வரும்.

சிவா பாமாயில் மில்லில் டிரைவராக இருந்தவன். மூடிப்போன ஒரு எஸ்டேட் ரப்பர் ஆலையில் இன்ஜினின் ஃபிளைவீலை வாங்கியிருந்தான். ஆள் உயரத்துக்குப் பெரிய சக்கரம். விளிம்பு நாலு விரல் தடிப்பு. பின்வாசலில் வைத்து மெதுவாக வெட்டலாம் என்பது அவன் திட்டம்.

நான் போய்ப் பார்த்தால் சக்கரம் பின்வாசலில் இல்லை. கேட்டுக்கு வெளியே, வீட்டுக்குப் போகும் சிமெண்டுப் பாதையின் நடுவில் மல்லாக்கப் படுத்திருந்தது. உள்ளே சிவாவின் மனைவி சரோஜாவின் வேன் நின்றது. கிரேன் லாரி காலையில் வந்திருக்கிறது. சனிக்கிழமை இரும்பு வீட்டுக்குள் வரக் கூடாது என்று சரோஜா மறித்திருக்கிறாள். உள்ளேதானே கூடாது என்று சிவா கேட்டுக்கு ஒரு முழம் வெளியே இறக்கச் சொல்லியிருக்கிறான். இறக்கிய கையோடு லாரிக்காரன் தெலுக் இந்தானில் வேறு வேலைக்குப் போய்விட்டான். திங்கட்கிழமைதான் வருவானாம். சம்பிரதாயம் தப்பியது, வேன் மாட்டிக்கொண்டது.

சும்மா சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மறுநாள் எங்கள் தேவாலயத் திருவிழாச் சாப்பாடு சரோஜாவின் கையில் இருந்தது. சமையல் தொழிலை ஆரம்பித்து அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் அது. ஃபாதரிடம் போய் அவள் பெயரைச் சொன்னவனே நான்தான். சாயங்காலத்துக்குள் வேன் வெளியே போனால்தான் கோழியும் வாடகைச் சட்டிகளும் வந்து சேரும்.

"அண்ணே, ஃபாதர்கிட்ட நான் என்னா சொல்றது?" என்றாள் சரோஜா. அவள் கண் கலங்கியிருந்தது. 

கேஸ் ஏன் வெட்டவில்லை

இரவல் கேஸ் டார்ச்சால் சிவா விளிம்பைச் சுட்டுத் தள்ளியிருந்தான். ஓரிடத்தில் இரும்பு உருகி ஒழுகி மறுபடி அங்கேயே ஒட்டியிருந்தது. நான் இரும்பு தேய்க்கும் கை கிரைண்டரை எடுத்து விளிம்பை லேசாக உரசினேன். பொறி சிவப்பாக, குட்டையாக விழுந்து அணைந்தது. ஸ்டீலாக இருந்தால் பொறி வெளுப்பாக நீண்டு பறக்கும். இது காஸ்ட் அயர்ன், வார்ப்பிரும்பு. ஸ்டீல் கேஸில் எரிந்து பிளக்கும். காஸ்ட் அயர்ன் உருகுமே தவிர, அறுபடாது.

சுட்ட இடத்தில் தண்ணீர் ஊற்றினால் வெடித்துப் பிளந்துவிடுமே என்று சிவா வாளியோடு வந்தான். வெடிக்கும்தான், எந்தப் பக்கம் வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. வாளியைப் பிடுங்கி வைத்தேன். அது தானாக ஆறும் வரை தேத்தண்ணி குடித்தோம்.

பள்ளம், துளை, ஆப்பு

காஸ்ட் அயர்னை அறுப்பதைவிட உடைப்பது சுலபம். ஆனால் நாம் சொல்லும் இடத்தில் உடைய வேண்டும். எதிரெதிராக இரண்டு இடத்தில், விளிம்பின் மேலும் பக்கத்திலும் கிரைண்டரால் பள்ளம் போட்டேன். பள்ளத்தில் டிரில்லால் வரிசையாகத் துளை. வேனின் ஜாக்கை வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தோம். பள்ளத்துக்கு நேர் கீழே வெற்றிடம். அங்கே தாங்கல் இருந்தால் சம்மட்டி துள்ளும், இரும்பு சிரிக்கும்.

எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். கண்ணாடி போட்டு, ஈரச் சாக்கால் சக்கரத்தை மூடினோம். இல்லாவிட்டால் சில்லு முகத்துக்கு வரும். முதலில் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கைகளைச் சிவா சம்மட்டியால் உடைத்தான்; கழன்ற நடுக்குடத்தைச் சாலையோரமாக உருட்டி வைத்தோம். பிறகு துளைகளில் ஆப்பை இறக்கி மாற்றி மாற்றி அடித்தோம். கணீர் கணீர் என்று சத்தம். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசனை சொன்னார்கள். திடீரென்று ஒரு அடிக்கு மட்டும் சத்தம் மட்டமாக வந்தது. கையை உயர்த்தி நிறுத்தினேன். சாக்கைத் தூக்கினால் பள்ளத்தோடு முடி போல ஒரு கோடு. இன்னும் கொஞ்சம் அடித்ததும் அது வாய் பிளந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டி அடுத்த பக்கமும் விட்டது. சரோஜா கை தட்டினாள்.

சரிவு

இரண்டு பாதிகளையும் நகர்த்த வேண்டும். பாதை வீட்டுப் பக்கமாகச் சரிந்திருந்தது. அடியில் குழாய்களைக் கொடுத்தால் அதுவே உள்ளே உருண்டு வேனுக்குப் பக்கத்தில் ஒதுங்கிவிடும். சிவா குழாயை வைத்தான். நான் கடப்பாரையை நுழைத்தேன்.

"அண்ணே, உள்ள வேணாம்," என்றாள் சரோஜா. "இன்னும் சனிக்கிழமைதான்."

எனக்குக் கோபம் வந்தது. முதுகு விட்டுப்போயிருந்தது. ஆனால் அவள் முகத்தில் விளையாட்டே இல்லை. முதல் பெரிய ஆர்டருக்குக் கிளம்பும் நாளில் மனசில் ஒரு முள்ளோடு அவள் சமைக்க வேண்டாம் என்று தோன்றியது. யோசனை சொன்னவர்களை எழுப்பிக் கூப்பிட்டேன். எல்லாரும் சேர்ந்து இரண்டு பாதிகளையும் மேட்டிலே ஏற்றி, சாலையோரப் புல்லில் தள்ளினோம். நான்கு மணிக்கெல்லாம் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே வெளியே போனது.

மறுநாள் கோழிப் பிரட்டலை ஃபாதர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். எனக்கும் பாதி வெற்றி என்ற நினைப்பில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். சரோஜா என் தட்டில் ஒரு தொடையைக் கூடுதலாக வைத்துவிட்டு, என் மனைவி காதுபடவே சிவாவிடம் சொன்னாள்.

"இனிமே சனிக்கிழமை இரும்பு வந்தா, சூசண்ணே வீட்டுல எறக்குங்க. அவங்களுக்கு ஒண்ணும் பரவால்ல."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் கடித்த தொடையைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். தடித்த இரும்பு வெட்டணும் என்று யாராவது போன் செய்தால், எத்தனை இஞ்ச் என்று நான் முதலில் கேட்பதில்லை. எங்கே கிடக்கிறது என்று கேட்பேன். அதற்கும் முன்னால், இன்றைக்கு என்ன கிழமை என்று என் மனைவி கேட்டுவிடுவாள்.