கருப்பியின் பாதங்கள்

நேற்று நண்பகலில் சிராங்கூன் சாலையைக் கடக்க நின்றிருந்தேன். அருகில் ஒரு சின்ன வெள்ளை நாய் கால்களை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த இளம்பெண் கைப்பேசியில் ஆழ்ந்திருந்தாள். எனக்கு எங்கள் வீட்டு நாய் கருப்பியின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஜூரோங்கில், இரண்டாம் மாடி வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் இரவு வேலை. பகலில் தூங்குவார். "வெயில் தாழ்ந்ததும் நானே கூட்டிட்டுப் போறேன்" என்று அவர் சொல்லியிருந்தும், ஒரு மதியம் கருப்பியைத் திடலுக்கு அழைத்துப்போய் ஓடவிட்டேன். திரும்பும்போது எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே அவள் சரிந்து விழுந்தாள். மூச்சு இரைத்தது, கண்கள் செருகின.

மாடிக்கு ஓடி அப்பாவை எழுப்பினேன். கட்டியிருந்த கைலியோடு, வாளித் தண்ணீருடன் இறங்கி வந்தார். அவள் வயிற்றிலும் கால்களிலும் மெல்ல ஊற்றி, அட்டையால் விசிறினார். பிறகு டாக்ஸி பிடித்து மருத்துவரிடம் போனோம்.

"பிழைச்சிடும்" என்றார் மருத்துவர். கருப்பியின் பாதங்களில் தோல் உரிந்திருந்தது. எனக்கு அடி விழும் என்று நின்றிருந்தேன்.

"உனக்குக் கால் சுடலையாம்மா?" என்று மட்டும் அப்பா கேட்டார்.

"நான் செருப்பு போட்டிருந்தேன்பா."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அப்பா என்னைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார்.

"தரை ரொம்பச் சுடுதும்மா, தூக்கிக்கங்க" என்று நேற்று சாலையோரம் நின்றிருந்த அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் குனிந்து தரையைத் தொட்டு, சட்டென்று கையை எடுத்தாள்.

"சாரிடா, நான் கவனிக்கவே இல்ல" என்று நாயிடம் சொல்லி, அதை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.